அந்தக் கடைசிச் சுழி என்ன பாவம் செய்தது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் முக்கிய எண்ணுருக்கள் (ஓர் அளவில் உண்மையிலேயே அளந்து கிடைத்த இலக்கங்கள்) பற்றியவை. தேர்வு நெருங்குகிறது போலும்.

கே: 0.00450-ல் எத்தனை முக்கிய எண்ணுருக்கள்?

ப: மூன்று. முன்னால் நிற்கும் சுழிகள் இடம் பிடித்து வைப்பவை. பின்னால் உள்ளது அளந்து கிடைத்தது.

கே: 1500-ல் எத்தனை?

ப: 1500 என்ன? மீட்டரா, கிராமா, எண்ணிப் பார்த்த ஆட்களா? அலகு இல்லாமல் கேள்வி அனுப்பாதீர்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது! ஆட்களை எண்ணியது என்றால் கேள்வியே எழாது. அளவு என்றால் இரண்டா, மூன்றா, நான்கா என்பது அளந்தவருக்குத்தான் தெரியும். 1.50 × 10³ என்று எழுதியிருந்தால் மூன்று என்று எனக்கும் தெரிந்திருக்கும். எவரெஸ்டின் உயரம் கணக்கில் மிகச் சரியாக 29,000 அடி என்றே வந்ததாம். குத்துமதிப்பு என்று நினைத்துவிடுவார்களே என்று 2 அடி கூட்டி, 1856-ல் 29,002 என்று அறிவித்ததாக ஒரு கதை சொல்வார்கள்.

கே: 0.50 என்றாலும் 0.5 என்றாலும் மதிப்பு ஒன்றுதானே? செய்முறை நோட்டில் ஏன் மதிப்பெண் குறைக்கிறார்கள்?

ப: என் வயிற்றெரிச்சலைக் கிளப்பும் கேள்வி. திருகு அளவியில் (மெல்லிய பொருள்களை அளக்கும் ஸ்க்ரூ கேஜ்) கம்பியின் விட்டம் பார்க்கிறீர்கள். மீச்சிற்றளவு, அதாவது அது காட்டும் மிகச் சிறிய அளவு, 0.01 மி.மீ. சுழிப்பிழை இல்லை; மூடியிருக்கும்போது சரியாக 0 காட்டுகிறது. புரிக்கோல் (நேர்கோல்) 0 காட்டுகிறது, தலைக்கோலில் (சுழலும் வட்டக் கோல்) 50-வது கோடு பொருந்துகிறது. 49 அல்ல, 51 அல்ல. அந்தச் சுழியைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்! நோட்டில் மட்டும் அதை ஏன் விழுங்குகிறீர்கள்? 0.50-ல் ஐயம் (முன்பின் இருக்கக்கூடிய அளவு) 0.01 என்றால் விட்டத்தில் 2 சதவீதம். குறுக்குவெட்டுப் பரப்பில் விட்டம் இருமடியாக வருவதால் 4. வெறும் 0.5 என்றால் படிப்பவர் 0.05 ஐயம் என்று எடுத்துக்கொள்வார்: விட்டத்தில் 10, பரப்பில் 20. அதை வைத்து மின்தடை எண் வேறு கணக்கிடப் போகிறீர்கள்.

நானும் கல்லூரியில் 0.48, 0.5, 0.49 என்று அட்டவணை போட்டவன்தான். தேர்வாளர் நடுவில் இருந்ததை வட்டமிட்டு, "இதை மட்டும் எந்தக் கருவியில் எடுத்தாய்?" என்றார். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கே: நிறை 42.7 கிராம், கன அளவு 15 க.செ.மீ. கால்குலேட்டர் அடர்த்தியை 2.846666667 என்று காட்டுகிறது. அப்படியே எழுதினால் துல்லியம் கூடாதா?

ப: கூடாது. எழுதவும் கூடாது. அளவுச்சாடியில் 15 என்று படித்தது 14.5 ஆகவும் இருக்கலாம், 15.5 ஆகவும் இருக்கலாம். முன்னதற்கு அடர்த்தி 2.9, பின்னதற்கு 2.8. இரண்டாம் இலக்கமே ஆடும்போது பத்தாவதுக்கு என்ன வேலை? வகுத்தலில் எண்ணுருக்கள் குறைந்ததே விடையைத் தீர்மானிக்கும்; 15-ல் இரண்டுதான். விடை 2.8 கிராம்/க.செ.மீ. (அலகு!) அடுத்த படிக்கு இந்த எண் தேவையென்றால் கால்குலேட்டரில் உள்ளதையே கொண்டுபோங்கள். முழுமைப்படுத்துவது கடைசிப் படியில் மட்டும்.

கே: கூட்டலுக்கும் இதே விதிதானே?

ப: இல்லை. அங்கே தசமப் புள்ளிக்குப் பிந்தைய இடங்களைப் பாருங்கள். 12.1 + 0.035 + 3.26 = 15.395, 12.1 ஓரிடத்தோடு நிற்பதால் 15.4. கழித்தலில் இன்னும் கவனம் வேண்டும்: 15.42 − 15.38 = 0.04. நான்கு நான்காக உள்ளே போனவை ஒன்றாகத் தேய்ந்து வெளியே வருகின்றன.

கே: 1 அங்குலம் 2.54 செ.மீ. அப்படியானால் விடை மூன்று எண்ணுருக்களைத் தாண்டக் கூடாதா?

ப: தாண்டலாம். 2.54 அளந்தது அல்ல, வரையறை. 1983 முதல் ஒளியின் வேகமும் அப்படித்தான்: விநாடிக்கு 29,97,92,458 மீட்டர், ஐயமே இல்லாமல்.

கே: உடல் வெப்பநிலை 98.8 பாரன்ஹீட். 98.6-ஐத் தாண்டிவிட்டதே, காய்ச்சலா?

ப: அந்த 98.6 எங்கிருந்து வந்தது தெரியுமா? 37 செல்சியஸை 1.8-ஆல் பெருக்கி 32 கூட்டியது. 37-ல் இருப்பது இரண்டே எண்ணுருக்கள். அரை டிகிரி முன்பின் என்றாலே 97.7 முதல் 99.5 வரை போகும். மற்றதை மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: 2.45-ஐ ஒரு தசம இடத்துக்கு முழுமைப்படுத்தினால் 2.4-ஆ, 2.5-ஆ?

ப: இரண்டு வழக்கமும் உண்டு. 5-க்கு முன் இரட்டை எண் இருந்தால் அப்படியே விடு, ஒற்றை என்றால் ஒன்று கூட்டு என்பது ஆய்வகப் பழக்கம். எப்போதும் மேலேயே தள்ளினால் சராசரி ஏறிவிடும். அதன்படி 2.4. 2.451 என்றால் பேச்சே இல்லை, 2.5.