இரும்பும் அதன் வீடும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மீத்தேன் தின்னும் பாக்டீரியா பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். நொதியில் இரண்டே இரண்டு இரும்பு அணுக்களை வைத்துக்கொண்டு அது 45 டிகிரியில் மீத்தேனை மெத்தனால் ஆக்குகிறது. ஆலைகளிலோ முதல் படிக்கே 800 டிகிரிவரை போகிறார்கள். அந்த இரும்பைக் காப்பியடித்துவிட வேண்டியதுதானே?

கே.

அன்புள்ள கே.,

இரும்பை ஓரளவு காப்பியடித்தாயிற்று. அது குடியிருக்கும் வீட்டைக் கட்டுவதுதான் பெரும்பாடு.

மீத்தேனின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்கு 439 கிலோஜூல் வேண்டும். மெத்தனாலில் சுமார் 402 போதும். மீத்தேனை உடைக்கத் தெரிந்த வினையூக்கி, மெத்தனாலைக் கண்டால் சும்மா விடுமா? ஃபார்மால்டிஹைடு, ஃபார்மிக் அமிலம் என்று போய் கடைசியில் கார்பன் டை ஆக்சைடில்தான் நிற்கும். பாதி வழியில் எப்படி நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

நொதியில் அந்த இரும்பு ஒரு புரதக் குழிக்குள் இருக்கிறது. உள்ளே யார், எப்போது வரலாம் என்பதைக் கவனிக்க இன்னொரு சிறு புரதம் வேறு. அப்புறம், இது இலவச வேலையும் இல்லை. ஆக்சிஜனின் ஓர் அணு மெத்தனாலுக்குப் போகிறது, மற்றது தண்ணீராகி வீணாகிறது. அதற்கான எலக்ட்ரான்களைப் பாக்டீரியா தன் கையிருப்பிலிருந்து கொடுக்கிறது. சாப்பாட்டுக்காகச் செய்கிறது, அதற்குக் கட்டுப்படியாகும். ஆலைக்கு ஆகாது.

எனக்குப் பிடித்தது, வீட்டையே சின்னதாக்கிய முயற்சி. 2007இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா ஒயிட்டும் மார்க் சென்னும் இரும்பைச் சுற்றி ஒரு சிறு கரிமக் கூட்டை மட்டும் வைத்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால், மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினில் உள்ள அத்தனை பிணைப்புகளில் ஒன்றைத் தேர்ந்து ஆக்சிஜனைச் செருகியது. புரதமே இல்லாமல்! ஆனால் மீத்தேன் அதன் பேட்டை அல்ல.

மீத்தேனுக்கு வேறு வழி. 2005இல் பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள் ஜியோலைட் என்ற சல்லடை போன்ற கனிமத்தின் நுண்துளைகளில் தாமிரத்தை வைத்தார்கள். (இதே வேலையைச் செய்யும் தாமிர நொதியும் பாக்டீரியாவிடம் உண்டு.) சூடாக்கி ஆக்சிஜன், பிறகு சூட்டைக் குறைத்து மீத்தேன். உண்டான மெத்தனால் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்கிறது, அதனால் மேற்கொண்டு எரியாமல் தப்பிக்கிறது. ஆனால் ஒட்டியதைக் கழுவித்தான் எடுக்க வேண்டும். கழுவி, உலர்த்தி, மறுபடி சூடாக்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாக்டீரியாவுக்கு இந்தக் கழுவும் வேலை கிடையாது.