விளக்குப் பொறியும் அந்துப்பூச்சிகளும்: கேள்வி - பதில்

கே: அந்துப்பூச்சிகளை உயிரோடு பிடித்து எண்ணிவிட்டு விடும் விளக்குப் பொறிக்கு (மேலே விளக்கு, கீழே புனல், அதன் கீழ் பூச்சிகள் ஒதுங்க முட்டை அட்டைகள் போட்ட பெட்டி) புறஊதா எல்இடி என்று எதையாவது வாங்கினால் போதுமா?

ப: போதாது. அலைநீளம் பார்த்து வாங்குங்கள். 365-370 நானோமீட்டர் வேண்டும். 395 என்று போட்டிருப்பது ஊதாவாகப் பளிச்சென்று தெரியும், பூச்சி அவ்வளவாக வராது. 125 வாட் மெர்க்குரி விளக்கு வைத்திருப்பவர்கள் சோக் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுருள்) இல்லாமல் மாட்டாதீர்கள், மழைத்தடுப்பும் கட்டாயம். சூடான கண்ணாடியில் ஒரு துளி விழுந்தாலும் விரிசல்தான்.

கே: 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 20 வாட் விளக்கு விடியவிடிய எரியுமா?

ப: எரியாது. கணக்குக்கு நாலு மணி நேரம். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்யக் கூடாது, அதனால் கைக்கு வருவது இரண்டு. 5 வாட்டுக்கு மாறுங்கள், எட்டு மணி நேரம் வரும்.

கே: நேற்று ஒரு பூச்சிகூட விழவில்லை. காட்டில் அழிந்துவிட்டனவா?

ப: நிலவு எப்படி, காற்று எப்படி, எத்தனை மணிவரை எரிந்தது, ஒன்றையும் எழுதாமல் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? மேகம் மூடிய, புழுக்கமான, காற்றடங்கிய அமாவாசைப் பக்கத்து இரவில் வைத்துப் பாருங்கள். வெறும் பெட்டியையும் 0 என்று பதியுங்கள். அதுவும் தரவுதான்.

கே: காலை எட்டரைக்குப் போனால் பொறியைச் சுற்றி வெறும் இறக்கைகளாகக் கிடக்கின்றன. ஏன்?

ப: எட்டரைக்குப் போனதால்தான். விளக்குக்கு வருவதில் பாதி பெட்டிக்குள் இறங்காது. பக்கத்து மரப்பட்டையிலும் புல்லிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். பறவைகள் சில நாளிலேயே இடத்தைப் பழகி, வெளுத்ததும் வந்துவிடும். உள்ளே இருப்பவை வெயில் ஏற ஏறப் படபடத்துச் செதில் உதிர்த்துவிடும்; முன்னிறக்கைக் கோடு அழிந்த பூச்சிக்கு யாரும் பெயர் சொல்ல முடியாது.

விடிவதற்கு அரைமணி முன்பே போங்கள். வெளியே இருப்பவற்றை முதலில் சிறு குப்பிகளில் எடுங்கள். புனல் வாயைத் துணியால் மூடி, பெட்டியை நிழலுக்குக் கொண்டுபோய், முட்டை அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எண்ணுங்கள். முடிந்ததும் அட்டைகளை இருபது முப்பது மீட்டர் தள்ளி அடர்ந்த புதருக்குள் சாய்த்து வையுங்கள். இருட்டியதும் பூச்சிகள் தாமே போய்விடும். காற்றில் உதறிவிடுவது பறவைக்கு ஊட்டிவிடுவதற்குச் சமம். ஒரே புதரில் தினமும் விடாதீர்கள், ஒரே இடத்தில் அடுத்தடுத்த இரவும் பொறி வைக்காதீர்கள். விட்டதே மறுபடி விழுந்து எண்ணிக்கை ஊதிப்போகும். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு: அட்லஸ் போன்ற பட்டு அந்துகளுக்கு உண்ண வாய் கிடையாது, வளர்ந்தபின் ஆயுள் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு. இணை சேரவும் முட்டையிடவும் உள்ள அந்தச் சில இரவுகளில் ஒன்றைத்தான் நம் பெட்டி பறிக்கிறது.

கே: நான் அனுப்பிய படத்தில் உள்ள பழுப்புப் பூச்சி எது?

ப: தேதி இல்லை, இடம் இல்லை, அளவு இல்லை. நேர்மேலிருந்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்து அனுப்புங்கள். பிறப்புறுப்பைப் பார்த்தால்தான் பிரிக்க முடியும் என்கிற இனங்கள் நிறைய. அவற்றைப் பேரினத்தோடு நிறுத்துங்கள், ஊகத்தில் பெயர் எழுதாதீர்கள்.

கே: 14ஆம் தேதி ஏற்றி 15 காலை அணைத்தால் எந்தத் தேதி?

ப: ஏற்றிய தேதி. 14/15 என்று எழுதினால் குழப்பமே இல்லை.

கே: அட்டைக்கு அடியில் பெருங்குளவி இருந்தது. மருந்து அடிக்கலாமா?

ப: கூடவே கூடாது, அத்தனை பூச்சியும் சாகும். அட்டையின் விளிம்பைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். விடியுமுன் குளிரில் குளவி மந்தமாக இருக்கும், அட்டையோடு தள்ளி வைத்துவிடலாம். எட்டரைக்குப் போனால் கொட்டும்.