கரண்டியைக் கூப்பிட்டால் வருமா?

கேள்வி: 'நீரில் உப்பைக் கரைத்தால் கிடைப்பது உப்புக் கரைசல் என்று அழைக்கப்படுகிறது' என்று எழுதி அனுப்பினேன். அதை 'எனப்படும்' என்று திருத்தி அச்சிட்டிருக்கிறீர்கள். 'அழை' தமிழ்ச் சொல் இல்லையா? பாடநூல்களிலேயே இருக்கிறதே! ஏன் இந்த வீம்பு?

பதில்: 'அழை' சுத்தமான தமிழ்ச் சொல்தான். வழக்கு அதன் மேல் இல்லை, அதற்கு நீங்கள் கொடுத்திருக்கும் வேலையின் மேல்.

அழைத்தால் ஒருவர் திரும்பிப் பார்க்க வேண்டும், அல்லது வர வேண்டும். விருந்துக்கு அழைக்கிறோம், மேடைக்கு அழைக்கிறோம். உப்புக் கரைசலை எங்கே அழைத்தீர்கள்? ஆங்கிலத்தில் கூப்பிடுவதற்கும் பெயர் சொல்வதற்கும் 'call' என்ற ஒரே வினை. மொழிபெயர்க்க உட்கார்ந்தவர் அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துப் போட்டார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு குழந்தை கரண்டியைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டால், "இது கரண்டி என்று அழைக்கப்படுகிறது" என்பீர்களா? "இதைக் கரண்டின்னு சொல்லுவாங்க" என்பீர்கள். அந்த 'ன்னு'வில்தான் நம் வினை ஒளிந்திருக்கிறது.

'என்' என்றால் 'சொல்'. என்றான், என்கிறாள், என்பார்கள் எல்லாம் அதிலிருந்து வந்தவை. என்று, என்ற, எனும், எனவே, ஏனெனில் ஆகியவையும் அதன் பிள்ளைகளே. தெலுங்கின் 'அனி', கன்னடத்தின் 'எந்து', மலையாளத்தின் 'என்னு' ஆகியவை பங்காளிகள். இவ்வளவு பெரிய குடும்பத்தை வைத்துக்கொண்டு, பெயர் சொல்ல மட்டும் வெளியே போய் ஆள் பிடிப்பானேன்?

தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே 'எழுத்தெனப் படுப' என்றுதான் தொடங்குகிறது. அடுத்த அடியிலேயே 'முப்பஃது என்ப' என்கிறது. ஒரே நூற்பாவில் இரண்டு 'என்' நிற்கின்றன. இதைவிட எனக்குப் பிடித்தது அதே நூலில் விளிமரபு என்னும் இயலின் முதல் வரி: 'விளி எனப்படுப கொள்ளும் பெயரொடு'. விளி என்பதே அழைத்தல். அழைப்பதற்கு இலக்கணம் சொல்ல வந்தவருக்குக்கூட, அதற்குப் பெயர் சொல்லும் இடத்தில் 'அழை' தேவைப்படவில்லை. வள்ளுவரும் 'வாய்மை எனப்படுவது யாதெனின்' என்றே கேட்கிறார் (குறள் 291). அங்கே 'என அழைக்கப்படுவது' என்று நுழைத்துப் பாருங்கள். வெண்பாவின் தளை மட்டுமல்ல, உங்கள் மூச்சும் சேர்ந்து உடையும்.

ஆட்களுக்கு அழைக்கலாம். 'பாட்டி என்னைக் குட்டி என்று அழைப்பார்' என்பதில் பிழையில்லை, பாட்டி உண்மையிலேயே கூப்பிட்டார். ஆனால் உ.வே.சாமிநாதையர் 'தமிழ்த் தாத்தா என்று அழைக்கப்படுகிறார்' என்கிறீர்களே, 1942-இல் மறைந்தவரை இன்று யார் அழைக்கிறார்கள்? தமிழ்த் தாத்தா என்கிறோம், அவ்வளவுதான். ஒரு பெயர் மக்களிடையே புழங்கினால் 'என வழங்குகிறது' எனலாம். ஒன்றுக்கு முதன்முதலாகப் பெயர் வைத்தால் அது பெயரிடுதல். மூன்றும் வேறு வேறு வேலை.

திருத்துகிறேன் என்று 'என்று எனப்படும்' என எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். 'என'வுக்குள்ளேயே 'என்று' இருக்கிறது. ஒரு தலைக்கு இரண்டு தலைப்பாகை வேண்டாம்.

பாடநூலில் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறது. செய்தியிலும் இருக்கிறது. உங்களுக்குப் பதில் எழுதுமுன் நம் பழைய இதழ்களைப் புரட்டினேன். நான் எழுதிய தலையங்கத்திலேயே ஓர் 'அழைக்கப்படுகிறது' உட்கார்ந்திருந்தது. அதைத் திருத்த ஆள் இல்லாமல் போய்விட்டது. உங்களுக்கு நான் இருந்தேன்.