கொத்தவா, மூடவா?

போன இதழில், மண்ணைக் கொத்தாமல் மேலே மக்கிய எருவும் சருகும் போட்டு மூடி (இதுதான் மூடாக்கு) காய்கறி வளர்ப்பதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சிலருக்கு ஒரே சந்தோஷம், இடுப்புவலிக்காரர்களாக இருக்கும். சிலர், அப்பா கொத்திக் கொத்திக் காப்பாற்றிய நிலத்தை நான் பாழடிப்பதாகத் திட்டியிருக்கிறார்கள். என் அப்பாவை அவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் விளங்கவில்லை. சரி, கேள்விகளுக்கு வருவோம்.

வயதான ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு வீட்டுக்குப் பின்னால் 5 சென்ட் காய்கறிக்கு ஒதுக்கியிருக்கிறோம். துபாயில் இருக்கும் என் கணவர் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, மம்மட்டியே படக்கூடாது என்கிறார். மம்மட்டி படாத மண்ணில் புல்தான் முளைக்கும் என்கிறார் மாமா. யார் சொல்வதைக் கேட்க?
– வாசகி, குலசேகரம் பக்கம்

முதல் வருடம் மாமா சொல்வதைக் கேளுங்கள். அப்புறம் கணவர் சொல்வதை.

ரப்பர் அடிக்கட்டைகளைப் பிடுங்க ஜேசிபி வந்திருக்குமே? அது போன இடத்தில் மேல்மண் கீழேயும், அடியில் கிடந்த சரல்கல் மேலேயும் இருக்கும். சக்கரம் ஏறிய தடம் களத்துமேடு மாதிரி இறுகிக் கிடக்கும். அதன்மேல் எருவைக் கொட்டிச் செடி வைத்தால், வேர் எரு முடியும் இடம்வரை போய்த் திரும்பிவிடும். நல்ல மழை பெய்த மறுநாள் கட்டிட வேலையில் மிஞ்சிய கம்பி ஒன்றை எடுத்து நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். ஒரு சாண் சுலபமாக இறங்கினால் கொத்த வேண்டாம். நாலு விரல் போய் நின்றுவிட்டால் ஒரே ஒரு முறை ஆழமாகக் கொத்துங்கள். நம் குமரி மாவட்டத்து மேற்குப் பக்கச் செம்மண் புளிப்பு மண், சுண்ணாம்பு கேட்கும். சுண்ணாம்பை மேலே தூவினால் கீழே இறங்க வெகுநாள் ஆகும். அதனால் கொத்தும்போதே கலந்துவிடுவது லாபம். கொத்தி முடித்து, எருவும் சருகும் போட்டு மூடினால் அதன்பின் மம்மட்டியைக் கழுவி எண்ணெய் தடவி மாட்டிவிடலாம்.

உங்கள் கணவர் பார்க்கும் வீடியோ அநேகமாக இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில் இருக்கும் தோட்டக்காரர் சார்லஸ் டவுடிங்குடையதாக இருக்கும். அவர் ஒரே அளவில் இரண்டு பாத்தி வைத்து, இரண்டிலும் ஒரே எரு, ஒரே செடி போட்டு, ஒன்றைக் கொத்தியும் மற்றதைக் கொத்தாமலும் ஆண்டுக்கணக்கில் விளைச்சலை எடை போட்டு வருகிறார். மொத்தத்தில் கொத்தாத பாத்தி கொஞ்சம் முந்தி நிற்கிறது. கொஞ்சம்தான், அதுவும் எல்லாக் காயிலும் இல்லை. ஆனால் அந்தக் கொஞ்சமும் கொத்துகிற வேலை இல்லாமல் வருகிறது என்பதுதான் விஷயம்.

பேராசையில் நானும் அதையே செய்து பார்த்தேன். தக்கலைக்கு மேற்கே எங்கள் புரையிடத்தில் (வீட்டைச் சுற்றிய தோட்டத்தில்), 2016 சித்திரையில், 10 அடிக்கு 4 அடியாக இரண்டு பாத்தி. முதல் வருடம் வெண்டை கொத்தின பாத்தியில் 9 கிலோ, கொத்தாததில் 6. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தராசைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அவர் பேசாமல் போனால் ஜெயித்துவிட்டார் என்று அர்த்தம்.

அடுத்த வருடம் ஓகி புயல் வந்தது. 2017 நவம்பர் 30. ரப்பரும் வாழையும் சாய்ந்ததை இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. மழை விட்டதும் நான் போய்ப் பார்த்தது அந்த இரண்டு பாத்திகளை. பத்து நாள் முன்பு கொத்திப் போட்டிருந்த பாத்தி நடுவில் ஓடை வெட்டியிருந்தது. மேல்மண் செந்தண்ணீராக ஓடி வாய்க்காலில் கிடந்தது. மூடி வைத்த பாத்தியில் சருகு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்ததே தவிர, மண் போகவில்லை. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று வருடத்துக்கு இரண்டு தடவை அடிக்கிற சரிவு நிலம் நம்முடையது. இளக்கிய மண்ணைத் திறந்து போட்டால் மழை அதை விட்டுவைக்குமா?

மூன்றாம் வருடம் இரண்டும் சமம். அதற்குப்பின் கொத்தாத பாத்திதான் முன்னால். கோடையில் தண்ணீரும் பாதிதான் வேண்டியிருந்தது. களை விஷயம் எனக்கே ஆச்சரியம். கொத்தின எட்டாம் நாள் பாத்தி பச்சைப்பசேல் என்று ஆகிவிடும், நாம் விதைத்தது ஒன்றும் இல்லாமலே. மண்ணுக்குள் வருடக்கணக்காகத் தூங்குகிற களை விதையை மம்மட்டி மேலே தூக்கி வெளிச்சம் காட்டிவிடுகிறது. கொத்தும்போது காற்றும் உள்ளே புகுகிறது. நம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் மண்ணில் இருக்கிற மக்கு (மக்கிப்போன இலைதழை) சீக்கிரம் எரிந்து கரைந்துவிடும். முதல் வருடம் கிடைத்த அந்த 9 கிலோ அப்படி எரித்துக் கிடைத்ததுதான். சேமிப்பை எடுத்துச் செலவு செய்கிற வருமானம் மாதிரி.

செலவையும் சொல்லிவிடுகிறேன், வீடியோவில் இதை ஓரமாகத்தான் சொல்வார்கள். புதிதாகக் கொத்தாத பாத்தி தொடங்க அரை அடி உயரத்துக்கு மக்கிய எரு வேண்டும். என் ஒரு பாத்திக்கு அது 20 கன அடி, அதாவது சிமென்ட் சாக்கில் 16 சாக்கு. 5 சென்டுக்கும் இப்படிப் போடுவதென்றால் துபாய்ப் பணம் போதாது. அதனால் முதல் வருடம் இரண்டு பாத்தி மட்டும் ஆரம்பியுங்கள். மற்ற இடத்தில் பயறு தூவி, பூக்கும்போது அறுத்து அங்கேயே போடுங்கள். தை மாசியில் பக்கத்து விளைகளில் ரப்பர் இலை உதிரும். கேட்டால் வாரிக்கொள்ளச் சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. மரத்தூளை மண்ணோடு கலக்காதீர்கள். நான் ஒருமுறை மில்லிலிருந்து ஓசியில் கிடைத்த ரப்பர் மரத்தூளை நாலு சாக்கு கொத்திக் கலந்தேன். கத்தரி முழுக்க மஞ்சள் பூத்து நின்றது. தூளை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் இருந்த தழைச்சத்தை எல்லாம் இழுத்துக்கொண்டன. மேலே பரப்பி வைத்திருந்தால் இந்த வம்பு அதிகம் இருந்திருக்காது.

ஒரு பலப் புழுதி கால் பலம் ஆகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது 1037ஆம் குறள். நீங்களோ உழவே வேண்டாம் என்கிறீர்கள். வள்ளுவருக்கு என்ன பதில்?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தோவாளை

ஐயா, வணக்கம். வகையாக மாட்டிக்கொண்டேன்.

அடுத்த குறளிலேயே உழுவதைவிட எரு இடுவது நல்லது என்கிறாரே என்று தப்பித்துவிடலாம். ஆனால் 1037 சொல்வது உண்மை என்பதால் அப்படிச் செய்ய மாட்டேன். மண் நன்றாகக் காய்ந்து மறுபடி நனையும்போது, காய்ச்சலில் செத்த நுண்ணுயிர்களும் மக்கும் சிதைந்து தழைச்சத்து ஒரே மூச்சில் வெளிவருகிறது. கோடை மழைக்குப் பிறகு புல் திடீரென்று கரும்பச்சையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கும்பப்பூ நெல் அறுத்த வயலை மாசி பங்குனியில் உழுது போடுகிற உங்கள் ஊர்க்காரர்கள் குறள் படித்துவிட்டுச் செய்யவில்லை. பலன் தெரிந்து செய்கிறார்கள். கோரைக் கிழங்கும் மண்ணுக்குள் இருக்கிற கூட்டுப்புழுவும் அந்த வெயிலில் சாகும்.

ஆனால் புழுதி கால் பங்காக வற்ற வேண்டுமே! என் புரையிடத்தில் தென்னையும் பலாவும் நிழல் கட்டி நிற்கின்றன. மண் அப்படிக் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். உங்கள் கிழக்குப் பக்கத்து வெயிலுக்கும் ஆரல்வாய்மொழிக் காற்றுக்கும் பொருந்துகிற குறள் எனக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். வயலை உழுங்கள். வீட்டோரக் கத்தரிப் பாத்தியை மட்டும் மூடிப் பாருங்கள். அந்தக் காற்றில் வெறும் சருகு நிற்காது, பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். சருகின்மேல் தென்னை மட்டையையோ பனை மட்டையையோ குறுக்கே போட்டு அமுக்கிவிடுங்கள்.

எங்களுடையது கடலோர மணல். கொத்தினாலும் ஒன்றுதான், கொத்தாவிட்டாலும் ஒன்றுதான். என்ன செய்ய?
– வாசகர், ராஜாக்கமங்கலம் அருகே

பதிலில் பாதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள். மணல் ஏற்கெனவே இளகித்தான் கிடக்கிறது, கொத்துவதில் அர்த்தமில்லை. ஆனால் புதைப்பதற்காக ஒரு தடவை தோண்டுங்கள். ஒன்றரை அடி ஆழத்தில் சால் எடுத்து, தேங்காய் உரித்த தொண்டுகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி நெருக்கி அடுக்குங்கள். ஒரு கிண்ண வரிசை மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும். தென்னைக்குச் செய்கிற அதே வேலைதான். அதன்மேல் குளத்து வண்டல் கிடைத்தால் கலந்து மூடுங்கள். அப்புறம் வருடா வருடம் மேலே போடுவது மட்டும்தான். மணலில் மக்கு தங்காது, அதனால் எங்களைவிட இரண்டு மடங்கு போட வேண்டிவரும். முதலில் கீரை, வெள்ளரி வைத்துப் பாருங்கள்.

மூடாக்கு போட்டதிலிருந்து ஆப்பிரிக்க நத்தைத் தொல்லை தாங்கவில்லை. போதாததற்குக் கரையான். பாம்பு வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். பேசாமல் கொத்திவிடலாமா?
– வாசகி, மார்த்தாண்டம் பக்கம்

உங்கள் கோபம் நியாயம். மூடாக்கு பற்றிப் பேசுகிறவர்கள், நான் உட்பட, நத்தை வரும்போது பேச்சை மாற்றிவிடுவோம். டவுடிங்கே வைக்கோல் போட மாட்டார், தெரியுமா? அவர் ஊர் ஈரத்தில் வைக்கோலுக்கு அடியில் நத்தையும் ஓடில்லா நத்தையும் குடியேறும் என்பதால்தான் மக்கிய எருவையே போர்வையாகப் போடுகிறார். ஆனி ஆடியில் நம் மேற்குப் பக்கமும் அதே கதைதான். அதனால் சருகை கனமாகப் போடுவது கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு. மழைக்காலத்தில் நன்றாக மக்கிய எருவும், ஒரு விரல் கனத்துக்குப் பொடித்த இலையும் போதும்.

நத்தைக்கு: நனைந்த சாக்குக்கு அடியில் பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் இலையும் வையுங்கள். விடிகாலையில் எல்லாம் அங்கே கூடியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், அவற்றில் மூளைக்காய்ச்சல் தரும் புழு இருக்கலாம். உப்பை மண்ணில் கொட்டவும் வேண்டாம். விடாமல் பொறுக்கினால் குறையும், ஒழியாது.

கரையான் காய்ந்ததைத்தான் தேடி வரும். பாத்தி ஈரமாக இருந்தால் சருகைத் தின்று மண்ணாக்கும், செடியை அவ்வளவாகத் தொடாது. தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டு மூடுங்கள். பாம்புக்கு என்னிடம் வைத்தியமில்லை. மூடாக்குக்குள் கையை விடும் முன் கம்பால் ஒருமுறை கிளறுவேன், அவ்வளவுதான்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும். பாவலும் (பாகல்) புடலையும் வைத்த இடத்தை மட்டும் நான் கொத்துகிறேன். பழ ஈயின் புழு காயிலிருந்து விழுந்து மண்ணில்தான் கூட்டுப்புழு ஆகிறது. அதன்மேல் சருகு போடுவது மெத்தை போட்டுக் கொடுப்பது மாதிரி. அழுகிய காய்களை அன்றன்றைக்குப் பொறுக்கி, பந்தலடியை லேசாகக் கொத்திவிட்டால் கோழியும் வெயிலும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

மரச்சீனியும் (மரவள்ளி) சேனையும் கொத்தாமல் வருமா?
– வாசகர், திருவட்டாறு

வராது என்று சொல்லமாட்டேன், வந்தால் எனக்கும் சொல்லுங்கள். நான் வைத்துப் பார்த்தேன். மரச்சீனி விரல் கனத்துக்கு நீண்டு, கல்லில் முட்டி வளைந்து கிடந்தது. உரிக்கும்போது எங்கள் வீட்டில் நான் வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது. கிழங்குக்கு இடம் வேண்டும். மரச்சீனிக்கு மண்ணை வெட்டிக் கூட்டி 3 அடிக்கு ஒன்றாகக் கூனை வைத்துத்தான் நட வேண்டும். சேனைக்கு 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி எடுத்துச் சாணியும் சாம்பலும் போட்டுத்தான் வைக்க வேண்டும். நட்டபின் மேலே தாராளமாக மூடுங்கள்.

கிழங்கு பிடுங்கும்போது எப்படியும் அந்த இடம் முழுக்கக் கிளறிப் போகும். அதை வீணாக்காதீர்கள். பிடுங்கிய அன்றைக்கே குழியை நிரவி, எருவும் சருகும் போட்டுக் காய்கறிப் பாத்தி ஆக்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது கத்தரி நிற்பது போன வருடம் மரச்சீனி பிடுங்கிய இடத்தில்தான். கொத்துக்கூலி மிச்சம். மரச்சீனியும் சாளை மீன் குழம்பும் அதற்கு முன்பே ஆயிற்று.