மூன்று அடி உயரம் முழங்காலுக்கு ஆகுமா?

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வு பெற்றுவிட்டோம். தக்கலை பக்கம் பத்து சென்ட் நிலம் இருக்கிறது. பூர்வீக வீட்டைப் பிரித்தபோது கிடைத்த தேக்கு, அயினிச் சட்டங்களை வைத்து 600 சதுர அடியில் மர வீடு கட்ட ஆசை. கரையானுக்குப் பயந்து தரையை மூன்று அடி உயர்த்தச் சொல்கிறார் ஆசாரி. மனைவிக்கோ முழங்கால் வலி. என்ன செய்யலாம்?

பதில்: உயர்த்தச் சொன்னது சரி, மூன்று அடி அதிகம். கரையானுக்கு மூன்று அடி ஏறுவது ஒரு பொருட்டே இல்லை. அது கட்டிக்கொண்டு வரும் மண் தடம் நம் கண்ணில் படவும், மழைத் தெறிப்பு பலகையில் படாமல் இருக்கவும்தான் உயரம். ஒன்றரை அடி போதும். கருங்கல் கால்களின் மேல் வீட்டை உட்கார வையுங்கள். அடியில் தெரியும் இடைவெளியை அழகுக்காகப் பலகை அடித்து மூடிவிடாதீர்கள், கரையான் நிம்மதியாக ஏறுவது அங்கேதான். மாதம் ஒருமுறை பேரன் யாராவது டார்ச்சோடு குனிந்து பார்க்கட்டும்.

ஒன்றரை அடிக்கு ஆறு அங்குலத்தில் மூன்று படி. இப்போது ஏறிவிடுவார். அப்புறம்? ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற சரிவில் சாய்தளம் போட 18 அடி நீளம் வேண்டும். ஆசாரி சொன்ன உயரத்துக்கு 36 அடி, முற்றமே போய்விடும்! திண்ணையை ஒட்டி நாலு அடி அகலத்துக்கு இப்போதே இடம் விடுங்கள்.

கதவுகள் மூன்று அடி அகலம் இருக்கட்டும், தடுக்கும் நிலைப்படி வேண்டாம். உங்கள் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. கூரை சுவரைத் தாண்டி மூன்று அடி நீளட்டும். பக்கத்திலிருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையின் கூரை இறக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்குள்ள குறுகலான மரப்படிகளை மட்டும் மறந்துவிடலாம்.

குளியலறையைச் செங்கல்லில் கட்டுங்கள். கட்டிலிலிருந்து அதுவரைக்கும் பிடித்து நடக்கச் சுவரில் கைப்பிடி வேண்டும். வெறும் முக்கால் அங்குலப் பலகையில் திருகினால், தடுமாறிப் பிடிக்கும்போது திருகாணியோடு கையில் வந்துவிடும். பலகை அடிக்கும் முன்பே, இரண்டே முக்கால் அடி உயரத்தில், சட்டத்துக்குச் சட்டம் இரண்டு அங்குலக் கட்டையைக் குறுக்கே வைக்கச் சொல்லுங்கள். மூடிய பின் கட்டை இருக்கும் இடம் தெரியாது. டேப்பை வைத்துப் பிடித்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய சட்டங்களைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துளையிலிருந்து மாவு உதிர்கிற சட்டத்தை, தேக்காகவே இருந்தாலும், ஒதுக்கிவிடுங்கள்.