மின்கம்பி எட்டாத மலைவீட்டுக்கு எந்த ஜெனரேட்டர்? வாசகர் கேள்விகள்

பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். குந்தாவின் மின்சாரம் சமவெளிக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஆனாலும் சோலையைத் தாண்டி, எஸ்டேட் பாதை முடிகிற இடத்தில், கரண்ட் வராத வீடுகள் நீலகிரியிலும் பழனி மலையிலும் இன்னும் இருக்கின்றன. கேள்வி அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டுக்காரர்கள்தான். எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை கேவிஏ வாங்கலாம்?" என்று (கேவிஏ என்பது ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு). நான் திருப்பிக் கேட்பது "உங்கள் பேட்டரி சார்ஜர் எத்தனை ஆம்பியர்?" என்று. ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பது முதல் பதிலிலேயே புரிந்துவிடும்.

கேள்வி: கோத்தகிரியைத் தாண்டி உள்ளே இருக்கிறது எங்கள் வீடு. 3 கிலோவாட் சோலார், 48 வோல்ட் 200 ஏஹெச் டியூபுலர் பேட்டரி வைத்திருக்கிறோம். 1 எச்.பி. மோட்டார், ஃபிரிட்ஜ், மிக்ஸி, விளக்குகள். மழைக்காலத்துக்கு 10 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா சார்?

வேண்டாம். சோலார் இருக்கிற வீட்டில் ஜெனரேட்டரின் வேலை வீட்டை ஓட்டுவது இல்லை, பேட்டரியை நிரப்புவது. வீட்டை பேட்டரி ஓட்டிக்கொள்ளும்.

டியூபுலர் என்பது ஈய-அமில பேட்டரி வகை. அதற்கு அதன் ஏஹெச்சில் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் சார்ஜ்தான் நல்லது. உங்களுக்கு 20 ஆம்பியர். சார்ஜ் ஏறும்போது 56 வோல்ட் இருக்கும், அதாவது 1.1 கிலோவாட். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் சுமார் 1.4. எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் வைத்தாலும் பேட்டரி இதற்கு மேல் குடிக்காது. 10 கேவிஏ என்றால் 8 கிலோவாட். அதில் 1.4 கிலோவாட் மட்டும் ஏற்றி மணிக்கணக்கில் ஓட்டினால் டீசல் இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராது. முழுதாக எரியாத டீசல் புகைக்குழாயில் கறுப்பு எண்ணெயாக வழியும், உள்ளே கரி படியும். டீசல் இன்ஜினுக்கு எப்போதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுமை இருக்க வேண்டும். தேவைக்கு மேல் பெரியதாக வாங்கி, இரண்டே வருடத்தில் இன்ஜினைப் பிரித்துப் போட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கஷ்டப்பட்டுச் சேர்த்த பணம் அப்படிப் போவதைப் பார்க்க மனசு கேட்காது.

உங்கள் கணக்கு இது: சார்ஜர் 1.4, மோட்டார் ஓடும்போது 1.1, ஃபிரிட்ஜும் விளக்கும் 0.3. மொத்தம் 2.8 கிலோவாட். மோட்டார் கிளம்பும் நொடியில் மூன்று மடங்குக்கு மேல் இழுக்கும், அதனால் முதலில் மோட்டாரைப் போடுங்கள், அது ஓடி நிதானமானதும் சார்ஜரைப் போடுங்கள். உங்கள் உயரத்துக்கு இன்ஜின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு குறையும் (அடுத்த பதிலில் சொல்கிறேன்). ஆக 4 கிலோவாட், கேவிஏவில் சொன்னால் 5, போதும்.

ஓட்டுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி 80 சதவீதம் ஏறியதும் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும், எண்ணெய்தான் வீண். மீதியை மந்தமான வெயில்கூடப் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஜூலையில் வெயில் முகமே தெரியாத வாரங்கள் வரும். அப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது முழுதாக ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் தகட்டில் சல்பேட் படிந்து பேட்டரி கெட்டுவிடும். கீசரை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், வெந்நீருக்கு விறகு பாய்லர் இருக்கிறது.

பின்னால் லித்தியம் பேட்டரிக்கு மாறினால் கணக்கே வேறு. அது 100 ஆம்பியர்கூட வாங்கிக்கொள்ளும், பெரிய ஜெனரேட்டரை ஒன்றரை மணி நேரம் ஓட்டி நிறுத்திவிடலாம். ஒன்று மட்டும், வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே போகும்போது லித்தியத்துக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது. உறைபனி விழுகிற இடமென்றால் பேட்டரியை வீட்டுக்குள் வையுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் நன்றாக ஓடிய 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டரை ஊட்டிக்குக் கொண்டுவந்தோம். இங்கே கறுப்புப் புகை. பிளக் கரியாகிவிடுகிறது. ஹீட்டரைப் போட்டால் திணறுகிறது. ஏமாந்துவிட்டோமா?

ஏமாறவில்லை, காற்று குறைந்துவிட்டது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம் அதிகம்தான் இங்கே. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3.5 சதவீதம் சக்தியை இழக்கும். உங்களுக்கு நாலில் ஒரு பங்கு போய்விட்டது. கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், குன்னூரில் ஐந்தில் ஒரு பங்கு, கூடலூரில் எட்டில் ஒரு பங்கு.

காற்று குறைந்தது கார்புரேட்டருக்கு (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) தெரியாது. கீழே விட்ட அதே பெட்ரோலை இங்கேயும் விடுகிறது. புகையும் கரியும் அதனால்தான். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளைதான் மெயின் ஜெட், உயரத்துக்கென்று துளை சிறிதானது கிடைக்கும், உங்கள் மாடலுக்கு உரியதைக் கேட்டு மாற்றுங்கள். புகை நிற்கும், பெட்ரோல் மிச்சமாகும். போன சக்தி மட்டும் திரும்பாது. பழைய ஜெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மறுபடி சமவெளிக்குக் கொண்டுபோனால் அதை மாட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறிக் கெட்டுப்போகும்.

கேள்வி: கொடைக்கானலில் தோட்ட வீடு. பெட்ரோலா, டீசலா, கேஸா?

மழைக்காலத்தில் மட்டும், தினமும் இரண்டு மணி நேரம் என்றால் பெட்ரோல் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். சுமைக்குத் தகுந்தபடி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சத்தம் குறைவு, கரண்டும் சுத்தமாக வரும். சிறிய இன்ஜினில் 1 லிட்டருக்கு சுமார் 2 யூனிட் எதிர்பார்க்கலாம்.

வருடம் முழுக்க ஓட்ட வேண்டும் என்றால் டீசல், அதிலும் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும் மெஷின். 3,000 சுற்று மெஷின் விலை குறைவு, ஆனால் சத்தமும் தேய்மானமும் அதிகம். சரியான சுமையில் டீசல் 1 லிட்டருக்கு 3 யூனிட் தரும். சேமிப்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் பெட்ரோல்தான் வைத்துக்கொள்ளலாம், டீசலுக்கு வரம்பு 2,500 லிட்டர். புயலில் மரங்கள் விழுந்து பாதை அடைபட்டால் என்ன பாடு என்பது 2018-இல் கஜா புயலைப் பார்த்த கொடைக்கானல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேஸை இங்கே நான் பரிந்துரைப்பதில்லை. சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டித்தான் ஆவியாகும். ஜனவரி ராத்திரியில், கேஸ் இழுக்க இழுக்க சிலிண்டரே இன்னும் குளிர்ந்து, இன்ஜின் பட்டினி கிடக்கும். வீட்டு உபயோகச் சிலிண்டரை இதற்கு மாட்டுவது சட்டப்படியும் தவறு.

கேள்வி: கூடலூர். மூன்று மாதம் சும்மா இருந்த ஜெனரேட்டர், மழை ஆரம்பித்ததும் ஸ்டார்ட் ஆகவில்லை.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், உங்கள் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் அதிகம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் அடியில் தனியாகப் பிரிந்துவிடும், கார்புரேட்டருக்கு முதலில் போவது அதுதான். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றித் துடையுங்கள். இனிமேல் நிறுத்தி வைக்கும்போது பெட்ரோல் குழாயை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் வருடம் முழுக்க ஓடை ஓடுகிறது. அதில் கரண்ட் எடுத்தால் ஜெனரேட்டரே வேண்டாம் அல்லவா?

முடிந்தால் அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. விநாடிக்கு 5 லிட்டர், 20 மீட்டர் இறக்கம் இருந்தால் சிறிய டர்பைனில் சுமார் 500 வாட் கிடைக்கும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் ராத்திரி பகல் ஓடினால் நாளுக்கு 12 யூனிட். சோலார் படுத்துக்கொள்கிற மழையில்தான் ஓடை பெருகும் என்பது இன்னொரு வசதி. கோடையில், மார்ச் ஏப்ரலில், தண்ணீரை அளந்து பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள். ஓடை வனத்துறை நிலத்திலோ புறம்போக்கிலோ இருந்தால் அனுமதி வாங்காமல் ஒரு குழாய்கூடப் போடாதீர்கள்.

கேள்வி: ஜெனரேட்டர் ஓடும்போது ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது. அப்படியானால் பாதுகாப்புதானே?

இல்லை. ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச். அதன் டெஸ்ட் பட்டன் எர்த்தே இல்லாமலும் வேலை செய்யும். சிறிய ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்காது. அப்போது கசிகிற கரண்ட் திரும்பிவர வழியில்லை, ஆர்சிசிபிக்குக் கசிவு தெரியாது. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்து, ஒரே ஒரு இடத்தில் நியூட்ரலை எர்த்தோடு இணைக்க வேண்டும். இன்வெர்ட்டர் வகை என்றால் அதன் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: மஞ்சூர் பக்கம். மழையில் நனையாமல் சமையலறையை ஒட்டிய விறகுக் கொட்டகையில் ஜெனரேட்டரை வைக்கலாமா? ஒரு பக்கம் திறந்துதான் இருக்கிறது.

தயவுசெய்து வைக்காதீர்கள். ஒரு பக்கம் திறந்திருப்பது போதாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக்கி மூடிக்கொள்கிற வீடுகள் நம்முடையவை. அறைக்குள் கரியடுப்பு மூட்டித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை நம் மலைகளில் எத்தனை முறை படித்துவிட்டோம். ஜெனரேட்டரும் அதே விஷத்தைத்தான் விடுகிறது, இன்னும் வேகமாக.

கதவு, ஜன்னலில் இருந்து குறைந்தது 20 அடி தள்ளி, தனியாக ஒரு தகரக் கூரை போடுங்கள். சுவர் வேண்டாம். சைலென்சர் வாய் வீட்டைப் பார்க்கக் கூடாது. 30 மீட்டர் தள்ளி வைத்தாலும் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 20 ஆம்பியருக்கு 5, 6 வோல்ட்தான் குறையும், அதனால் தூரத்துக்கு யோசிக்க வேண்டாம். படுக்கையறையில் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள். அது அடித்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு நிற்காமல், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு முதலில் வெளியே வந்துவிடுங்கள்.