சூடுபிடிக்கும் வரை

கேள்வி: ஓ.டி.டி.யில் தொடர்கள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. யாரைக் கேட்டாலும் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, "முதல் மூணு எபிசோடு பொறுத்துக்கோங்க, அப்புறம் சூடுபிடிக்கும்" என்கிறார்கள். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று எப்படித்தான் முடிவு செய்வது?

பதில்: 'சூடுபிடிக்கும்' எனக்கு ஆகாத சொல். பல வருடங்களுக்கு முன் ஓர் எழுத்தாளர் தொடர்கதை அனுப்பினார். கூடவே ஒரு குறிப்பு: "ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து கதை சூடுபிடிக்கும். அதுவரை பொறுமையாகப் படிக்கவும்." நான் முதல் நான்கு அத்தியாயங்களைத் திருப்பி அனுப்பி, "இவற்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாவதிலிருந்து போட்டுவிடலாம்" என்று எழுதினேன். நக்கல் இல்லை, ஐந்தாவது அத்தியாயம் நன்றாகவே இருந்தது. ஆனால் அவருக்குச் சூடுபிடித்துவிட்டது. அன்றிலிருந்து இந்த இதழில் எங்கே ஒற்றுப் பிழை வந்தாலும் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பி வைக்கிறார். போன மாதம் பதினோரு வட்டம்.

மூன்று எபிசோடு என்றால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். வேறு எந்தத் தொழிலில் இந்தச் சலுகை உண்டு? "முதல் மூணு பல்லைப் பிடுங்குற வரைக்கும் பொறுத்துக்கோங்க, நாலாவதுலேர்ந்து எனக்குக் கை வந்துடும்" என்று பல் டாக்டர் சொன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்களா? சிபாரிசு செய்கிற நண்பரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பத்து மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு, துணைக்கு ஆள் தேடுகிறார்.

2019இல் வந்த 'செர்னோபில்' ஐந்தே எபிசோடு. கதை எங்கே போய் முடியும் என்பது ஊரறிந்த விஷயம். முதல் பத்து நிமிடத்துக்குள் அணு உலை வெடித்துவிடுகிறது. இதற்கு மேல் என்ன சூடு வேண்டும்? அதற்கப்புறமும் கடைசி வரை நம்மை நகர விடாமல் வைப்பது, யார் யாரிடம் என்ன பொய் சொன்னார்கள் என்கிற கணக்கு.

'தி வயர்' ரசிகர்கள் இந்நேரம் பேனாவைத் திறந்திருப்பார்கள். 2002 முதல் 2008 வரை, 60 எபிசோடு. மெதுவாக ஆரம்பிக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. அது கடைசி வரை மெதுவேதான், அதன் நடையே அது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துப் போதைக் கும்பல், துறைமுகம், பள்ளிக்கூடம், பத்திரிகை அலுவலகம் என்று சீசனுக்கு ஒரு கதவாகத் திறந்துகொண்டே போகும். முதல் எபிசோடிலேயே அந்த நடை பிடித்தால் உட்காருங்கள். பிடிக்காவிட்டால் அறுபதாவதிலும் பிடிக்காது.

மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்யலாமே என்பீர்கள். விமர்சனங்களைத் திரட்டிச் சதவீதம் போடும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் 90 சதவீதம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் என்று பலர் நினைக்கிறார்கள். பத்து விமர்சகர்களில் ஒன்பது பேர் சாதகமாக எழுதினார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். பத்துப் பேரும் "பரவாயில்லை" என்று முணுமுணுத்தாலே 100 வந்துவிடும். அதுவும் பல தொடர்களில் அவர்கள் கைக்கு முன்கூட்டி வருவது முதல் சில எபிசோடுகள்தான். அப்புறம் கதை குட்டிச்சுவரானால் அந்த எண்ணுக்குத் தெரியாது. 'இத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள்' என்பது இன்னும் வேடிக்கை. 2020 வாக்கில் நெட்ஃபிளிக்ஸ், இரண்டு நிமிடம் ஓடினாலே 'பார்த்தார்' என்று கணக்கில் சேர்த்தது. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நானும் அந்தக் கோடியில் ஒருவன்! பிறகு கணக்கை மாற்றினார்கள். இப்போது மொத்தம் பார்த்த மணி நேரத்தைத் தொடரின் நீளத்தால் வகுக்கிறார்கள்.

என் பழைய பல்லவி ஒன்று உண்டு, அதையும் பாடிவிடுகிறேன். வாரத் தொடர் எழுதியவனுக்குப் பயம் இருந்தது. 'தொடரும்' என்று போட்டுவிட்டால் ஏழு நாள் இடைவெளி. வாசகர் மறந்துவிடலாம், வேறு பத்திரிகைக்குப் போய்விடலாம். ஒவ்வொரு வாரமும் அவரை மறுபடி சம்பாதிக்க வேண்டும். 2013 பிப்ரவரி 1 அன்று நெட்ஃபிளிக்ஸில் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் முதல் சீசனின் 13 எபிசோடுகளும் மொத்தமாக வந்து இறங்கின. அடுத்த எபிசோடு தானாகவே ஓடும் என்று வந்தபின் எழுதுகிறவன் எதற்குப் பயப்பட வேண்டும்? இரண்டு மணி நேரக் கதையை எட்டு மணி நேரத்துக்கு இழுத்தாலும் நாம் சோபாவில்தான் கிடக்கிறோம். அதனால் நான் முதலில் செய்வது, செட்டிங்ஸில் போய் அந்தத் தானியங்கி வசதியை அணைப்பது. ஒரு எபிசோடு பார்ப்பேன், படுத்துவிடுவேன். மறுநாள் அந்த ஆள் என்ன ஆனான் என்று நானாகவே தேடிப் போனால் சரி. நாலு நாள் நினைவே வரவில்லையா, கதை அங்கேயே முற்றும். மொத்தம் எத்தனை சீசன், கதை முடிந்துவிட்டதா, பாதியில் நிறுத்திவிட்டார்களா என்பதை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்வேன்.

நிற்க. தமிழ் சப்டைட்டிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லாமல் விட முடியவில்லை. ஒரு துப்பறியும் தொடரில், செத்துப்போனவர் மகளுக்குத் தந்த பெட்டிதான் முக்கியத் தடயம். கீழே 'தந்தப் பெட்டி' என்று எழுதிவிட்டார்கள். யானைத் தந்தக் கடத்தல் எப்போது வரும் என்று இரண்டு எபிசோடு காத்திருந்தேன். அத்தனையும் ஒரே ஒரு 'ப்' செய்த வேலை.

சிவப்பு மைக்காரர் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவருக்கு ஒரு வார்த்தை: அந்தத் தொடரின் பெயரைத் தனியாக எழுதி அனுப்புகிறேன். எட்டு எபிசோடு. பொறுமையாகப் பார்க்கவும்.